சக்கரம் இடித்த எழுத்து: சாலையோர நடுகற்கள் யாருடைய வரலாறு?

1. கேள்வி

பாலை நிலத்து வழியொன்றில் உமணரின் உப்பு வண்டி போகிறது. வழியோரம் நின்ற நடுகல்லின் மேல் அதன் சக்கரம் மோதி, உளியால் வெட்டிய எழுத்துகளில் சில கோடுகள் சிதைந்துவிடுகின்றன. பின்னால் வரும் புதியவர்கள் அந்தக் கல்லைப் படிக்கும்போது எழுதியவர் கருதாத வேறொரு பொருள் கிடைக்கிறது. அகநானூற்றின் 343ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார் காட்டும் காட்சி இது. அதே தொகையின் 297ஆம் பாட்டில் அம்பு தீட்டித் தீட்டியே கல்லின் பக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. களைத்து வந்த வழிப்போக்கர்கள் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க மாட்டாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு பாட்டுகளிலும் நடுகல் தலைவன் பிரிந்துபோகும் வழியின் கொடுமையைச் சொல்ல வந்த பின்னணிதான். ஆனால் அந்தப் பின்னணிக்குள் ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. வழியில் கல் நிற்கிறது. அதில் ஒருவனின் பெயர் இருக்கிறது. அதைப் படிக்க ஊர் பேர் தெரியாத ஒருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. சிதைந்த எழுத்து தவறாகப் படிக்கப்படுமே என்ற கவலையும் உடன் இருக்கிறது. உள்ளூர் மனிதர் ஒருவரை வழிப்போக்கருக்கு அறிமுகப்படுத்தும் இந்த ஏற்பாட்டை நாம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தக் கற்கள் யாருடைய வரலாற்றைச் சொல்லின, இன்று நாம் அவற்றில் யாருடைய வரலாற்றைப் படிக்கிறோம்? இவ்விரண்டுக்கும் இடையே பெரிய விலகல் ஏற்பட்டிருக்கிறது என்பது என் வாதம்.

2. இதுவரையிலான வாசிப்புகள்

நடுகல் ஆய்வு தமிழில் மூன்று வழிகளில் வளர்ந்தது. முதலாவது இலக்கிய வழி. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடும் சடங்கை ஆறு படிகளாக வகுக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களே இந்த வரிசையைப் பின்பற்றுகின்றன. ஆகவே நடுகல் என்றதும் புறப்பாட்டு, வீரயுகம், மறம் என்ற தொடர்பு நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. 1968இல் வெளிவந்த க. கைலாசபதியின் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் சங்கப் பாடல்களை உலகின் பிற வீரயுகக் கவிதைகளோடு வைத்துப் பார்த்தது. அதன் பிறகு இந்தத் தொடர்பு மேலும் உறுதிப்பட்டது.

இரண்டாவது கல்வெட்டியல் வழி. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்த நடுகற்களை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தின் வளர்ச்சி, பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுக் கணக்கு, வாணர், கங்கர் போன்ற சிற்றரசு மரபுகள் ஆகியவற்றுக்கு அந்தக் கற்கள் உறுதியான சான்றுகளைத் தந்தன. 1982இல் எஸ். செட்டரும் குந்தர் சொந்தைமரும் பதிப்பித்த தொகுப்பு இந்தியா முழுவதிலும் உள்ள நினைவுக்கற்களை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தது.

மூன்றாவது வழி நாட்டார் வழிபாட்டின் வழி. கொலையுண்டவர்களும் காவலில் இறந்தவர்களும் தெய்வமாகும் வரலாற்றை நா. வானமாமலை போன்றோர் கதைப்பாடல்களின் துணையோடு காட்டினார்கள்.

இந்த மூன்றுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு வாசிப்பும் கல்லை வேறொன்றின் சான்றாகவே பயன்படுத்தியது. இலக்கிய ஆய்வுக்கு அது பாட்டின் உரை. கல்வெட்டியலுக்கு அது எழுத்தின் வரலாறும் அரசனின் தேதியும். வழிபாட்டு ஆய்வுக்கு அது தெய்வத்தின் முற்பிறவி. கல் எந்த ஊரில், எந்த வழியில், யாருக்காக நின்றது என்பது மூன்றிலும் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது.

3. வழியும் கல்லும்

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இந்த இடத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். எங்கே வழுக்கும், எங்கே யானை வரும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று போகிறது அந்த வழிகாட்டல். அதன் நடுவே, பாதை பிரியும் இடங்களில் மறவர்களின் பெயரோடு நட்ட கற்கள் பல இருக்கும், அங்கே உங்கள் இசையை எழுப்பிவிட்டு விரைந்து செல்லுங்கள் என்கிறார். போகும் இடத்தின் பெயர் தெரிவதற்காகக் கல்லெறிந்து எழுதிய மரங்களும் அந்தக் கிளைவழிகளில் உண்டு என்று சற்றுப் பின்னால் சொல்கிறார்.

ஒரே பகுதியில் வழிகாட்டி எழுத்தும் நினைவுக்கல்லும் அடுத்தடுத்து வருவதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. கிளைவழியில் நிற்பவருக்கு இரண்டு தகவல் வேண்டும்: இது எங்கே போகிறது, இது யாருடைய மண். முதலாவதை மரத்தில் எழுதினார்கள், இரண்டாவதைக் கல்லில் வெட்டினார்கள். நடுகல்லை ஊர் எல்லையின் அறிவிப்பாகவும் படிக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம். இந்த ஆநிரையைக் காக்க இங்கே ஒருவன் உயிரைவிட்டிருக்கிறான், இன்னும் விடுவார்கள் என்ற செய்தியை வெளியூர்க்காரர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தக் கல் சொல்லிக்கொண்டிருந்தது.

நன்னனின் செங்கண்மாதான் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டு பேசிய நிலத்திலேயே பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய பல்லவர் காலக் கற்களும் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. வழியோரத்தில் பெயரோடு கல் நடும் வழக்கம் ஒரே வட்டாரத்தில் இத்தனை காலம் நீடித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எழுத்துள்ள நடுகற்கள் சங்கப் பாடல்களின் காலத்தில் உண்மையாகவே இருந்தனவா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. கிடைத்த கற்களெல்லாம் வட்டெழுத்துக் காலத்தவையாக இருந்ததே காரணம். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழுவினர் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்ததும் அந்த ஐயம் நீங்கியது. அவற்றின் காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு தொடர்ந்தாலும் வட்டெழுத்துக் கற்களுக்கு அவை நெடுங்காலம் முந்தியவை என்பதில் ஐயமில்லை. அந்தக் கற்களில் வீரனின் உருவம் கிடையாது, எழுத்து மட்டுமே உண்டு. வில்லேந்திய உருவம் எழுத்தறியாதவருக்கும் புரியும். உருவமே இல்லாமல் பெயரையும் ஊரையும் நிகழ்ச்சியையும் மட்டும் வெட்டி நிறுத்தியவர்கள் படிக்கக்கூடிய ஒருவரை எதிர்பார்த்தே அதைச் செய்திருக்க வேண்டும். அகநானூற்று வழிப்போக்கர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்ற காட்சி கற்பனை அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை.

4. ஆட்சியாண்டுக்கு மட்டும் அரசன்

எடுத்தனூர்க் கல் செங்கம் வட்டாரத்துக் கற்களில் மிகவும் பேசப்பட்டது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஆயுதமேந்திய வீரன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய். வட்டெழுத்தில் உள்ள வாசகம் அரசனின் ஆட்சியாண்டோடு தொடங்குகிறது. பிறகு வாணகோவரையரைச் சார்ந்த ஒருவரின் சேவகன் என்ற அடையாளத்தோடு கருந்தேவக்கத்தி என்ற பெயர் வருகிறது. அவன் தன் எருமைகளின் பொருட்டு இறந்தான் என்று வாசகம் முடிகிறது. நாய்க்குத் தனியே ஒரு வாசகம் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும் அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அது சொல்கிறது.

இதே மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் குடைவித்த குகைக்கோயிலிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவுமின்றிப் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்த பெருமையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு வடமொழியில் அமைந்தது. ஒரே அரசனின் காலம், அதிகத் தொலைவில்லாத இரண்டு இடங்கள். அரசன் தன் புகழை அரசவையின் மொழியில் எழுதிக்கொண்டிருந்தபோது, எருமை மேய்த்த ஊரார் தங்கள் ஊர்க்காரனின் சாவைத் தமிழில், வட்டெழுத்தில், தங்கள் மேய்ச்சல் நிலத்திலேயே எழுதி வைத்தார்கள். பல்லவர் ஆட்சியின் தமிழ்ச் சமூகத்தை அறிய விரும்புகிறவர் மண்டகப்பட்டைவிட எடுத்தனூரில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

எடுத்தனூர் வாசகத்தில் அரசனின் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஆண்டைக் குறிப்பது. அவன் போரிடவில்லை, தானம் தரவில்லை, கல்லையும் நடவில்லை. பிற்காலச் சோழர் மெய்க்கீர்த்திகளில் நாடுகளை வென்ற கதை பல வரிகள் ஓடிய பிறகுதான் ஊரின் விவகாரம் தலைகாட்டும். இங்கே அரசன் ஒரு சொற்றொடரில் வந்து போய்விடுகிறான். ஆனால் நம் அருங்காட்சியக அட்டைகளும் பாடநூல்களும் இந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டன. ‘பல்லவர் கால நடுகல், மகேந்திரவர்மன்’ என்று தலைப்பு வரும். இறந்தவனின் பெயர் சில இடங்களில் சிறிய எழுத்தில் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. தேதியாக வந்தவர் நாயகனாகிவிட்டார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கருந்தேவக்கத்தியும் தனி மனிதனாக அறிமுகமாகவில்லை, இன்னாரின் சேவகனாகவே அறிமுகமாகிறான். எஜமானனுக்காகச் செத்தால் இப்படிக் கல் கிடைக்கும் என்று மற்ற சேவகர்களுக்குச் சொல்வதும் சிற்றரசர்களுக்குப் பயன்பட்டிருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்ற பெயர்களில் நிலம் வழங்கப்பட்டதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இரத்தத்துக்கு ஈடாகக் கிடைத்த நிலத்துக்குச் சாட்சி வேண்டும். அந்த வகையில் கல் அஞ்சலியாக மட்டுமின்றி உரிமைப் பத்திரமாகவும் நின்றது. ஆகவே நடுகல்லை ஊரின் தூய குரல் என்று போற்றுவதும் பிழையாகிவிடும். ஊர்த்தலைவரின் நலனும் இறந்தவன் குடும்பத்தின் தேவையும் ஊராரின் துயரமும் ஒரே கல்லில் கலந்திருந்தன. அந்தக் கலவையில் பேரரசின் பங்குதான் மிகக் குறைவு.

5. வீரம் மட்டும்தானா

புலிமான்கோம்பைக் கற்களில் ஒன்று கூடல்ஊர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கானது. ஆகோள் என்பது இலக்கண நூலார் வெட்சித் திணையில் வைத்த செயல், அதாவது பிறர் ஆநிரையைக் கவர்வது. அப்படியானால் இவன் கவரப் போய் இறந்தவனா, அந்தப் பூசலில் காத்து நின்று இறந்தவனா? இரண்டு பக்கமும் வாதிட இடமிருக்கிறது. செங்கம், தருமபுரிக் கற்களிலும் இந்த இருமை உண்டு. தொறு, அதாவது ஆநிரை, மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு, தொறு கொள்ளப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. எடுத்தனூரில் கள்வர் எனப்பட்டவர்கள் தங்கள் ஊரில் வேறு பெயரோடு ஒரு கல்லில் நின்றிருக்கக்கூடும். வீரயுகம் என்ற பெருஞ்சொல்லின் கீழ் இதையெல்லாம் அடக்கிவிட்டால், பக்கத்து ஊர்கள் மாட்டுக்காக ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட ஒரு பொருளாதாரத்தின் கடுமை மறைந்துபோகும். மாடே செல்வமாக இருந்த வறண்ட நிலத்தில், ஒரு மந்தை பறிபோனால் ஒரு குடியின் ஆண்டுப் பிழைப்பே பறிபோகும். அந்த அச்சத்தின் அடையாளமாகவும் இந்தக் கற்களைப் படிக்கலாம்.

மேலும் எல்லா நடுகல்லும் மனிதப் போருக்கானவை அல்ல. கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்கள் பரவலாக உள்ளன. பன்றியோடும் யானையோடும் போராடி இறந்தவர்களுக்கும் கற்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் மதுராந்தகம் பக்கத்து இந்தளூரிலும் சேரிகளுக்கிடையே நடந்த சண்டையில் உயிர்விட்ட சேவல்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. ஒரு சேரி தன் சேவலுக்கு வைத்த செல்லப்பெயர் பதினைந்து நூற்றாண்டுகள் கடந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த அரண்மனைப் பதிவும் இதைக் காத்துத் தந்திருக்காது.

6. பெயர் எழுதாத கல்

நடுகற்களில் பெண்கள் பெரும்பாலும் சதிக்கற்களில், கணவனோடு சேர்ந்தே வருகிறார்கள். பெண்ணின் சாவுக்கென்றே வழியோரத்தில் எழுந்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அதைக் கல்வெட்டியல் அதிகம் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் அதில் படிக்கப் பெரும்பாலும் எதுவும் இல்லை. அதுதான் சுமைதாங்கிக் கல்.

ஏறக்குறைய ஆள் தோள் உயரத்தில் இரண்டு கற்பலகைகள் நிற்கும். அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல் கிடக்கும். தலையில் மூட்டையோடு வருபவர் இறக்கி வைக்கவும் மறுபடி தூக்கிவிடவும் ஆள் தேட வேண்டியதில்லை. கல்லை ஒட்டி நின்று சற்றே முழங்காலை மடக்கினால் மூட்டை கல்லுக்கு நகர்ந்துவிடும், போகும்போது தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் போதும். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இதை நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் ஆறுதலுக்காக, ஊர் பேர் தெரியாதவர்களின் சுமையை இறக்க உதவுவது அதன் நோக்கம். சந்தைக்குப் போகும் வழிகளிலும் ஏரிக்கரைகளிலும் ஆலமரத்தடிகளிலும் இவை நின்றன. இராணிப்பேட்டை மாவட்டத்தில் சுமைதாங்கி என்று ஓர் ஊரே இருக்கிறது.

சில கற்களில் பெயர் வெட்டியிருக்கிறது, பலவற்றில் இல்லை. வில்லோடு இறந்தவனுக்குப் பெயரும் ஊரும் எஜமானனும் ஆட்சியாண்டும் கிடைத்தன. பிரசவத்தில் இறந்தவளுக்குப் பெரும்பாலும் கல் மட்டுமே கிடைத்தது. இந்தப் பாகுபாட்டை மென்மையாகச் சொல்லத் தேவையில்லை. யாருடைய சாவு ஊரின் வரலாறு, யாருடைய சாவு வீட்டின் துக்கம் என்று பிரித்த அதே சமூகம்தான் இரண்டு கற்களையும் நட்டது. இருந்தாலும் வழிப்போக்கருக்கும் நினைவுக்கும் உள்ள உறவை நடுகல்லைவிடச் சுமைதாங்கியே முழுமையாக நிறைவேற்றியது என்று நினைக்கிறேன். சக்கரம் இடித்துக் கெடுக்க அதில் எழுத்து இல்லை. அதைப் பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும் அது எதற்காக நிற்கிறது என்பது தெரிந்திருந்தது. தலைச்சுமை நின்றுபோய் வண்டியும் லாரியும் வந்ததும் அதன் வேலை போயிற்று. வேலை போன கல்லைப் பாலம் கட்டவும் படிக்கட்டுக்கும் எடுத்துக்கொள்வது எளிதாயிற்று.

7. எண்ணெய், கூடம், சாலை

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஆண்டாண்டாக ஏறி எழுத்துப் பள்ளங்கள் மூடிப்போயிருக்கும். படியெடுக்கப் போகிறவர் முதலில் ஊராரிடம் அனுமதி கேட்டு, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, அதன்மேல் மையொற்ற வேண்டும். அப்போதுதான் பல தலைமுறைகளாக வேடியப்பனாக இருந்தவருக்கு வேறொரு பெயர் இருந்தது ஊராருக்கே தெரியவரும்.

வழிபாடு எழுத்தைக் கெடுத்தது என்று குறைப்படும் ஆய்வாளர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. வழிபாடு இல்லாத கற்களில் பல துணி துவைக்கவும் வரப்புக்கும் மதகுக்கும் போய்விட்டன. பெயரை இழந்து உயிர்பிழைத்தது கல். எனாமல் பெயின்ட் அடிப்பதும், புதுக் கட்டடம் எழுப்பக் கல்லைப் பெயர்த்துச் சிமென்டில் பதிப்பதும் வேறு வகை, அவை உண்மையான கேடுகள். நெல்லைப் பக்கத்தில் நினைவு இன்னொரு வழியில் தங்கியது. மாமனாரின் மாடுகளைக் கள்வரிடமிருந்து காக்கப் போய் இறந்த முத்துப்பட்டனின் பெயரும் மனைவியரின் பெயரும் சாதியின் கட்டை மீறிய அவர்களின் திருமணமும் வில்லுப்பாட்டில் நிற்கின்றன. அங்கே கல்லெழுத்தின் வேலையைப் பாட்டு செய்தது. வடக்கே அப்படிப்பட்ட பாட்டு இல்லாத ஊர்களில் எழுத்து மறைந்தால் பெயரும் மறைந்தது.

அருங்காட்சியகம் எழுத்தைக் காக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம். கைவிடப்பட்டுச் சிதையவிருந்த கற்களுக்கு அது சரியான புகலிடம். ஆனால் ஒரு நடுகல்லின் பாதிப் பொருள் அது நின்ற இடத்தில் இருக்கிறது. எந்த ஊரின் மேய்ச்சல் புறத்தில் நின்றது, எந்தத் திசையைப் பார்த்தது, அருகே எந்த வழி பிரிந்தது என்பதெல்லாம் கூடத்துச் சுவரில் சாய்த்ததும் போய்விடுகின்றன. இந்த விவரங்களைக் கல்லை எடுக்கும் நாளிலேயே வரைபடத்தோடு பதிவுசெய்யாவிட்டால் பிறகு எப்போதும் கிடைக்காது.

இன்றைய பெரிய ஆபத்து சாலைதான். வழியோரத்தில் நிற்பதற்காகவே நடப்பட்ட கல்லுக்கு வழியை அகலப்படுத்தும் ஒவ்வொரு திட்டமும் நேரடி அச்சுறுத்தல். தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கிறது. நூறாண்டு கடந்த சிற்பங்கள் 1972ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி தொல்பொருள்கள். எனினும் புறம்போக்கில் தனியாக நிற்கும், எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு பலகைக்கல்லை மண்வாரி இயந்திரம் புரட்டும்போது இந்தச் சட்டங்கள் அங்கே வந்து நிற்பதில்லை. ஆகவே சாலைப் பணிக்கு முந்தைய நில அளவையிலேயே நடுகல், சுமைதாங்கி, மாடு உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சுகல் ஆகியவற்றைக் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மரங்களைக் கணக்கெடுத்து எண் போடும் அதே ஆட்கள் இதையும் செய்யலாம்.

வழிபாட்டில் உள்ள கல்லை எடுத்துச் செல்லாமல் அங்கேயே விட்டு, அருகில் ஒரு பலகை வைப்பதே சரி. அதில் எழுதுவதை ஊராரோடு பேசி எழுத வேண்டும். வேடியப்பன் என்ற பெயரும் கல்வெட்டின் பெயரும் இரண்டுமே அதில் இடம்பெற வேண்டும். வாசகத்தின் முழு வாசிப்பும், அதில் வரும் ஊர்ப்பெயர்களில் இன்றும் வழங்குபவை எவை என்பதும் இருக்க வேண்டும். வரிசையும் மாற வேண்டும். எடுத்தனூருக்கு அப்படி ஒரு பலகை எழுதினால் முதல் வரி கருந்தேவக்கத்தியுடையது. அடுத்து எருமைகளும் கோவிவனும், பிறகு அவன் யாருக்குச் சேவகம் செய்தான் என்பது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு, தேதிக்குரிய இடத்தில், கீழே வரலாம்.